மூடி வைத்த கோப்பை

யாழ்ப்பாணத்தை விட்டு ஓடுகிற சனத்தோடு நாவற்குழிப் பாலத்தில் நிற்கிறோம். நடக்க இடமில்லை. முன்னால் சனம். பின்னால் சனம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. 1995. ஒக்டோபர் கடைசி நாள். செவ்வாய்க்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான்.

தூரத்தில் ஒரு குத்து. அது ஷெல் புறப்படும் சத்தம். எண்ணுகிறேன். எல்லாரும் எண்ணுகிறார்கள், வாய்க்குள். ஒன்பதில் கூவல். பத்தில் வெடி.

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

எங்கே படுப்பது? குனிகிறோம். ஷெல் தண்ணீரில் விழுந்தது. யாரோ பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். பிறகு மறுபடியும் நகர்கிறோம், அரை அடி, அரை அடி.

மாமியைத் தன் ட்ராக்டரில் ஏற்றி வருவதாக மாமியின் தங்கை சொல்லியிருந்தார். பாலத்தில் அந்தத் தங்கையைக் கண்டோம். ட்ராக்டரில் மாமி இல்லை. வீட்டை விட்டு வரமாட்டேன் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாராம். என் கணவர் மரியதாஸ் சைக்கிளைத் திருப்பினார். நான் அப்போதுதான் பாண் பார்சலைப் பிரித்திருந்தேன். பாண், கட்டைச் சம்பல். நல்ல பசி.

"நீ நட. நான் அம்மாவை ஏத்திக்கொண்டு வாறன். எனக்கும் கொஞ்சம் எடுத்து வை."

இதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. எடுத்து வைத்தேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் நான்கு நாள் காத்திருந்தேன். அவரும் வரவில்லை, மாமியும் வரவில்லை. பாண் பூஞ்சணம் பிடித்தது. எறிய மனம் வரவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சி கொடுத்தார்கள். அதில் பாதியை எடுத்து மூடி வைத்தேன். அன்று தொடங்கியது.

1997. ஒக்லாந்து. அண்ணன் கூப்பிட்டார். வந்த ஆறாம் மாதம் அவர் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். நான் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வீட்டின் பின் அறையில் இருக்கிறேன். ஒரு ஜன்னல். ஒரு மின் அடுப்பு. மாலை சமைப்பேன். ஒரு தட்டு எனக்கு. ஒரு தட்டு அவருக்கு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து. காலையில் அதைச் சூடாக்கி நானே சாப்பிட்டுவிட்டு வேலைக்கு பஸ் ஏறுவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் விசர் என்பார்கள்.

வேலை ஒடாஹுஹுவில். வியட்நாம்காரர் ஒருவரின் நூடுல்ஸ் கடை. முதலாளி தூங். ஹனோய்க்காரர். அவர் மனைவி லான் தெற்கே மீகாங் ஆற்றுப் பக்கம். எனக்கு வியட்நாம் என்றால் ஒரே நாடு, ஒரே சாப்பாடு. வேலைக்குச் சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது.

அடுப்பில் இரண்டு பானை. இடது பானை தூங்கினுடையது. மாட்டெலும்பு, சுட்ட இஞ்சி, நட்சத்திரச் சோம்பு. தெளிந்த தண்ணீர் போல ரசம். சீனி கூடாது. மேலே வெங்காயத் தாள் மட்டும். வலது பானை லானுடையது. அதே எலும்பு, ஆனால் கற்கண்டு போடுவார். கோப்பையோடு ஒரு தட்டு நிறைய இலை, முளைத்த பயறு, தேசிக்காய். கறுப்பாக ஒரு இனிப்புச் சோஸ். அதைக் கண்டாலே தூங் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் வாரம் நான் இடது பானைக் கோப்பைக்குள் பயறு அள்ளிப் போட்டேன். தூங் அதை அப்படியே தொட்டிக்குள் கொட்டினார். லான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

பிறகு பழகிவிட்டேன். வருகிற ஆளின் கையைப் பார்த்தே ஊர் சொல்வேன். முதலில் ரசத்தை மட்டும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தால் வடக்கு. உட்கார்ந்ததும் இலை கிள்ளத் தொடங்கினால் தெற்கு. வடக்கும் தெற்கும் சண்டை பிடித்த நாட்டிலிருந்து வந்தவள் நான். அவர்களும் அப்படித்தான். ஆனால் இந்தக் குசினியில் சண்டை சீனிக்கு மட்டும். அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. சண்டை பிடிக்கவாவது அவர்களுக்கு ஆள் இருந்தது.

1998, செப்டெம்பர். ஒரு திங்கட்கிழமை. கடை பூட்டு. ஆனாலும் லான் என்னை வரச் சொன்னார். போனேன். இரண்டு பானையும் கவிழ்த்து வைத்திருந்தது. நடுவில் மூன்றாவது பானை. காரம் மூக்கில் ஏறுகிறது. தும்மினேன். மிளகாய் எண்ணெய், லெமன்கிராஸ் புல், பன்றிக்கால். கடைசியில் லான் ஒரு போத்தலைத் திறந்தார். உப்பில் புளிக்க வைத்த இறால். அந்த நாற்றம் என்னைப் பிடித்து உலுக்கியது. நான் பிறந்த மன்னாரில் நாங்கள் கருவாடு காயப்போடும் கரை.

இது நடுநாட்டுச் சாப்பாடு என்றார் லான். ஹுவே என்ற ஊர். தூங்கின் ஊரும் இல்லை, லானின் ஊரும் இல்லை. லானின் முதல் கணவர் அந்த ஊர்க்காரர். 1979இல் படகேறினார். அடுத்த படகில் லான் போவதாக ஏற்பாடு. லான் கரை சேர்ந்தார். அவர் சேரவில்லை. இறந்த நாள் தெரியாது. ஆகவே வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளை நினைவு நாளாக வைத்துக்கொள்கிறார்கள். இறந்தவருக்கு அவருடைய ஊர்ப்படி சமைக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். இறைச்சியைத் தூங்தான் போய்ப் பார்த்து வாங்கி வந்திருந்தார். காரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வருடத்தில் இந்த ஒரு நாள் சாப்பிடுவார், வேர்த்து வழிய.

லான் ஊதுபத்திக்கு நெருப்பெட்டி தேடப் போனார். "அவரின்ர படத்துக்கு முன்னால வை" என்று கோப்பையை என் கையில் தந்திருந்தார். வைத்தேன். ஆவி பறந்தது. ஆறிவிடுமே என்று நினைத்தேன். உண்மையில் நினைக்கவே இல்லை, கை தானாகப் போனது. பக்கத்தில் இருந்த தட்டை எடுத்துக் கோப்பையின் மேல் கவிழ்த்தேன்.

"மூடாதை!"

லான் கத்தி நான் கேட்டதில்லை. எங்கள் இருவருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. பிறகு மெதுவாக அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ஆவியைத்தான் அவர் சாப்பிடுவார். மூடினால் எப்பிடிச் சாப்பிடுறது? மூடி வைக்கிறது வரப்போற ஆளுக்கு."

தட்டை எடுத்தேன். அடியில் நீர் கோத்திருந்தது. நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதை லான் கண்டுவிட்டார். எல்லாம் தெரிந்தவர் போல என்னைப் பார்த்தார்.

"நானும் ஏழு வருசம் மூடித்தான் வைச்சனான்" என்றார். "எட்டாம் வருசம் திறந்தன்."

"ஏன் திறந்தனீங்கள்?"

"பசியோட இருப்பார் எண்டு நினைச்சன்."

அந்தச் சொல் என்னை விடவில்லை. பஸ்ஸில் கூடவே வந்தது. எனக்குக் கோபம். லான் மேல் கோபம். திறந்து வைத்தால் நானே அவரைக் கொன்றதாகிவிடும். ஐந்து வாரம் வீம்புக்கு மூடி வைத்தேன். ஒவ்வொரு காலையும் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் உறைத்தது. நான் மன்னார்க்காரி. என் கையில் மீன் கறி என்றால் தேங்காய்ப்பால் கூட, தூள் குறைய. அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர். வறுத்த தூள் போட்டுக் கறுக்க வற்றவேண்டும். "இது கறியோ, பாயாசமோ?" என்று கேட்பார். நான் வேண்டுமென்றே இன்னும் பால் விடுவேன். எங்கள் வீட்டு வடக்குத் தெற்குச் சண்டை அது. மூன்று வருடம் அவருக்கென்று மூடி வைத்தேன். மூன்று வருடமும் என் ஊர்க் கறி. வந்திருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பார்.

1998. ஒக்டோபர் கடைசி நாள். சனிக்கிழமை. கடையில் சனம் கூடுகிற நாள். லீவு கேட்டேன். தூங் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

ஒடாஹுஹு மீன்கடையில் கஹவாய் மீன் வாங்கினேன். அவர் ஊர்க் கடலில் இல்லாத மீன். வேறு வழியில்லை. மிளகாய் வறுத்தேன், மல்லி வறுத்தேன். மேல் வீட்டுக்காரர் இருமினார். ஒரு சொட்டுப் பாலும் விடவில்லை. கறி கறுத்து வற்றியது. புட்டு அவித்தேன். அவரைக் கடைசியாக எடுத்த படம் ஒன்று உண்டு, அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைச் சுவரில் சாய்த்தேன். மெழுகுதிரி ஏற்றினேன். கர்த்தர் கற்பித்த செபம் சொன்னேன். பாதியில் மறந்தது. திரும்பத் தொடங்கினேன்.

மூடித் தட்டு இடது கையில் இருக்கிறது. வெளியே யாரோ புல் வெட்டுகிறார்கள். மெஷின் சத்தம் நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது. புட்டிலிருந்து ஆவி எழுகிறது. எண்ணுகிறேன், பாலத்தில் எண்ணியது போல. ஆவி ஏழு நிமிடம் இருந்தது. பிறகு இல்லை. தட்டை ராக்கையில் வைத்தேன். அழுதேன். அந்த அறையில் நான் அழுதது அதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்க ஆளில்லை என்பதால் சத்தமாகவே அழுதேன். பிறகு அந்தச் சாப்பாட்டை அன்றே சாப்பிட்டேன். காரம் கூடிவிட்டது. அவருக்குச் சரியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை சூடாக்க ஒன்றும் இருக்கவில்லை. பாண் வாங்கப் போனேன்.

படிப்பவர்கள் மறக்கக் கூடாது என்பதற்காக, இழந்தவற்றின் கணக்கை எழுதுகிறேன்.

வீடு ஒன்று, பாசையூரில், கடலைப் பார்த்த வாசல். வள்ளம் ஒன்று, அதன் கடன் அந்த மாதம்தான் முடிந்தது. சைக்கிள் ஒன்று. ஆடு இரண்டு. கல்யாணப் படங்கள் எல்லாம். வறுத்த தூள் ஒரு போத்தல், அவருடைய அம்மா இடித்தது.

ஆட்கள். மாமி, பிரகாசியம்மா, அறுபத்தெட்டு வயது.

மரியதாஸ், நாற்பத்தொரு வயது. மூன்று வருடம் எந்தக் கடதாசியிலும் இவரைக் காணவில்லை என்றுதான் எழுதினேன். இங்கே இறந்தவர் என்று எழுதுகிறேன்.