டீச்சருக்குத் தமிழ் தெரியாது

— பை... பை. தோள்ல மாட்டுவாளே, இப்படி, ரெண்டு பக்கமும். நீலக் கலர். நீலத்துக்கு உங்க பாஷையில என்ன எழவோ தெரியலையே... பை, டீச்சர், பை!

— அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்குக்கா. நான் எடுத்துத் தர்றேன். நீங்க முதல்ல உட்காருங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு.

— என்னது? இப்போ தமிழா பேசினீங்க?

— ம்.

— ஸ்பானிஷ் டீச்சர்தானே நீங்க?

— ஸ்பானிஷ் டீச்சர்தான். ஆனா வாய் பேச ஆரம்பிச்சதே தமிழ்லதான். கொஞ்சம் இருங்க, கதவைச் சாத்திட்டு வந்துடறேன்.

— அடக் கடவுளே! ரெண்டு வருஷமா பேரன்ட்ஸ் மீட்டிங்ல உங்க முன்னாடி நின்னு ஊமை பாஷை பேசிட்டிருக்கேனே. பொண்ணு ஒழுங்கா படிக்கிறாளான்னு கேக்கறதுக்கு, புஸ்தகத்தை விரிக்கிற மாதிரி கையை விரிச்சு விரிச்சுக் காட்டினேன். உள்ளுக்குள்ள எப்படிச் சிரிச்சிருப்பீங்க.

— சிரிக்கலைக்கா. ஸ்கூல்ல அப்படி ஒரு சட்டம். கேட்டுக்குள்ள காலை வச்சா எனக்குத் தமிழ் தெரியாது. புள்ளைங்க எதிர்ல மட்டுமில்ல, அப்பா அம்மா எதிர்லயும்தான். டீச்சருக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சா ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்க ஸ்பானிஷ்ல வாயையே திறக்காதாம். எனக்கு முன்னாடி இருந்தவங்க, முட்டி உரிஞ்சு ரத்தம் வந்த பையனைப் பார்த்து 'ஐயோ கண்ணா'ன்னு சொல்லிட்டாங்க. அந்த மாசத்தோட அனுப்பிட்டாங்க.

— 'ஐயோ'வுக்கா?

— 'கண்ணா'வுக்கும் சேர்த்து.

— நல்ல ஸ்கூல் போங்க. ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்போ தினம் வந்து சொல்வா, எங்க டீச்சருக்கு ஒரு வார்த்தை தெரியாதும்மான்னு. உங்க தலையில பல்லி இருக்குன்னு மொத்த கிளாஸும் கத்துச்சாம், நீங்க அசையவே இல்லையாம்.

— அன்னைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. இந்தாங்க பை. கலர் பென்சில் டப்பா உள்ளதான் இருக்கு. மழைக்கோட்டு கொடியில தொங்குது, அதையும் எடுத்துடறேன். பட்டாணி கிளம்பிட்டாளாக்கா?

— காலையில ஆறரை பஸ்ஸுக்கு. எங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போயிட்டா. மத்தியானமே போய்ச் சேர்ந்தாச்சு. அது சரி, பட்டாணிங்கறது வீட்ல கூப்பிடற பேரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவளேதான் சொன்னா.

— வாயாடி. சரி விடுங்க. இந்தக் குட்டி நாற்காலியில உட்கார்ந்தா முட்டி தாடையில இடிக்குது, அவ தினமும் இதுலதான் உட்கார்ந்திருப்பாளா?

— அது அவளோடது இல்ல. ஜன்னல் ஓரம் அந்தப் பச்சை நாற்காலி.

— அப்போ அங்க போய் உட்கார்ந்துக்கறேன். உங்களுக்குத் தமிழ் தெரியும்னு ஆயிடுச்சு, யார்கிட்டயாவது சொன்னா தேவலாம்னு இருக்கு, உங்ககிட்டயே சொல்லிடறேன். ஆபீஸ்ல வீடு மாத்திப் போறோம்னு சொல்லித்தான் டி.சி. வாங்கினேன். பொய். இன்னைக்கு சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும். நாளைக்குக் காலையில ஆபரேஷன். மருந்துக்கடையில பன்னெண்டு வருஷமா நிக்கறேன் டீச்சர். சீட்டை வாங்கிப் பார்த்தாலே யார் திரும்ப வருவாங்க, யார் வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும். என் சீட்டையும் நான்தான் படிச்சேன். டாக்டர் 'திறந்து பார்ப்போம்'ங்கறார். அந்தப் 'பார்ப்போம்' எனக்குத் தெரியாதா?

— அக்கா...

— அழாதீங்க. நானே அழல. ஒரே ஒரு நிம்மதி, புள்ளைக்கு எதுவும் தெரியாது. லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்னு நினைச்சுட்டுப் போயிருக்கா. பஸ்ல ஜன்னல் சீட்டு பிடிச்சுக் குடுத்தேன். ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. நான் கீழே நின்னு கையை ஆட்டறேன், அவ பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பி யாரோ ஒருத்தரோட மூட்டையைப் பார்த்துட்டிருக்கா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அழுதிருந்தா இறக்கிக் கூட்டிட்டு வந்திருப்பேன், பார்த்துக்கோங்க.

— இல்லக்கா, வந்து... பட்டாணிக்கு...

— யாரு உள்ளே, கதவைச் சாத்திக்கிட்டு? ஓ, நீங்களாம்மா? டி.சி. வாங்கிட்டீங்க இல்ல?

— வாங்கிட்டேன் ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம். பொண்ணோட பை இங்கேயே தங்கிடுச்சு, அதுக்குத்தான் வந்தேன்.

— இவங்ககிட்ட தமிழ்ல கேட்டா ஒண்ணும் புரியாதே. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.

— புவெனாஸ் தார்தெஸ், திரெக்தோரா. லா மொச்சிலா தெ லா நீன்யா.

— பார்த்தீங்களா, இப்படித்தான்! நம்ம ஸ்கூல்ல எல்லாம் அசல். பையைத்தான் சொல்றாங்க போல. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க, சீக்கிரம் முடிச்சுக்கோங்கம்மா.

— சரிங்க மேடம்.

— போயிட்டாங்களாக்கா?

— மாடிப்படி ஏறிட்டாங்க. உங்களைப் பார்த்தா பயமா இருக்கு டீச்சர். ஒரே நொடியில மூஞ்சியே வேற ஆளா மாறிடுச்சு. உங்களுக்குத் தமிழ் தெரியும்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா என்ன?

— நல்லாத் தெரியும். இன்டர்வியூ எடுத்ததே தமிழ்லதான்.

— அடேங்கப்பா. சரி, என்னமோ சொல்ல வந்தீங்க. பட்டாணிக்கு என்ன?

— பட்டாணிக்குத் தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— எல்லாம். உங்களுக்கு உடம்பு சரியில்லாதது. ஆபரேஷன். லீவுக்குப் போகலங்கறது. எல்லாமே தெரியும்.

— உளறாதீங்க. எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை அவ காதுல விழ விடல நான். போன் பேசணும்னாகூட பாத்ரூம்ல போய், குழாயைத் திறந்துவிட்டுட்டுத்தான் பேசுவேன்.

— அதையும் சொன்னா. 'அம்மா குழாயைத் திறந்துவிட்டுட்டு போன் பேசறாங்க, அப்புறம் அழறாங்க. தண்ணியெல்லாம் வீணாப் போகுது டீச்சர்'னா.

— உங்ககிட்டயா சொன்னா?

— கிளாஸ் முடிஞ்சதும் எல்லாப் புள்ளைங்களும் சாப்பிட ஓடிடும். படம் போட்ட அட்டையை எல்லாம் பொறுக்கி அடுக்கறது அவ வேலை. நான் குடுக்கல, அவளா எடுத்துக்கிட்டா. மிருகம் தனியா, பழம் தனியா, கலர் தனியான்னு அடுக்கிக்கிட்டே தமிழ்ல பேசிட்டிருப்பா. ரெண்டு மாசமா. எனக்குப் புரியாதுங்கற தைரியத்துல பேசறான்னு நான் நினைச்சேன். வீட்ல பொம்மைகிட்ட பேசற மாதிரி.

— என்ன பேசினா?

— 'பெரியம்மா வீட்ல எனக்குன்னு புதுசா கட்டில் வாங்கியிருக்காங்களாம். லீவுக்கு வர்றவங்களுக்கு யாராவது கட்டில் வாங்குவாங்களா டீச்சர்'னா. இன்னொரு நாள், 'அம்மா செத்துப் போயிடுவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்'னா.

— ஐயோ...

— உடம்பு பாகமெல்லாம் சொல்லிக் குடுத்த வாரம், வயித்தைத் தொட்டுக் காட்டி, இதுக்கு என்னன்னு சைகையில கேட்டா. 'எஸ்தோமகோ'ன்னேன். அழகா திருப்பிச் சொன்னா. சொல்லிட்டு, 'எங்கம்மாவுக்கு அங்கதான்'னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வேண்டாம்க்கா.

— சொல்லுங்க. எம் பொண்ணு அப்படிச் சொன்னதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?

— 'முய் பியென்'னேன்.

— அப்படின்னா?

— ரொம்ப நல்லதுன்னு.

— நீயெல்லாம் ஒரு மனுஷியாடி?

— திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. அந்த வார்த்தை வாயில இருந்து விழுந்ததும் கண்ணு கலங்கிடுச்சுன்னு திரும்பி போர்டைத் துடைச்சேன். அதுல ஒண்ணுமே எழுதியிருக்கல. 'போர்டு சுத்தமாத்தான் இருக்கு டீச்சர்'னு சொல்லிட்டுப் போறா உங்க பொண்ணு.

— ரெண்டு மாசம். ரெண்டு மாசமா உனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு சீட்டு எழுதி அவ பையில போட்டிருக்கக் கூடாதா? பேரு போடாம போட்டிருக்கலாமே? நான் அவளை மடியில போட்டுக்கிட்டு ரெண்டு மாசம் அழுதிருப்பேனே. அவளும் அழுதிருப்பாளே. தினம் ராத்திரி நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு, மாத்தி மாத்தி நடிச்சிட்டிருந்திருக்கோம்.

— பயம்க்கா. வேற ஒண்ணுமில்ல, பயம். வேலை போயிடுமோன்னு. அப்புறம் எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கிட்டேன். அவ மனசு விட்டுப் பேசறதுக்கு இருக்கறதே இந்த ஒரு இடம். எனக்குப் புரியும்னு காட்டிக்கிட்டா இதுவும் அவளுக்கு இல்லாமப் போயிடுமேன்னு. அது பாதி உண்மை. பாதி பயம்.

— உங்க பாதியை நீங்களே வச்சுக்கோங்க. கடைசியா எப்போ பேசினா?

— வெள்ளிக்கிழமை.

— என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க. நாளைக்கு அந்த மேஜையில படுக்கறப்போ எனக்கு வேற எதுவும் வேண்டாம், அதை மட்டும் நினைச்சுக்கறேன்.

— அட்டையை எல்லாம் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டா. என் மேஜை மேல வச்சா. வச்சுட்டுப் போகாம நின்னா. 'டீச்சர், எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க. எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லுங்க. பெரியம்மா வீட்டுக்கு நான் போகலைன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரியில பெஞ்சு இருக்கும்ல, அதுல சத்தம் போடாம உட்கார்ந்துப்பேன்னு சொல்லுங்க. நான் சொன்னா அம்மா அழுதுடுவாங்க. நீங்க சொல்லுங்க'ன்னா.

— நீங்க?

— 'ஸீ'ன்னேன்.

— அதுக்கு என்ன அர்த்தம்?

— சரின்னு அர்த்தம்.

— அது அவளுக்குத் தெரியுமா?

— முதல் நாள் முதல் பாடமே அதுதான்க்கா. ஆனா நான் வேணும்னு சொல்லல. எந்தப் புள்ளை வந்து எதைச் சொன்னாலும் 'ஸீ, ஸீ'ன்னு தலையை ஆட்டறதே பழகிப் போச்சு. அவ பொம்மைகிட்ட பேசற மாதிரிதானே பேசறான்னு...

— பொம்மைகிட்ட யாராவது சேதி சொல்லி அனுப்புவாங்களா?

— அக்கா?

— தமிழ் தெரியாதவங்ககிட்ட வந்து, எங்கம்மாகிட்ட இதைச் சொல்லிடுங்கன்னு எந்தப் புள்ளையாவது கேக்குமா டீச்சர்? ஒண்ணாங்கிளாஸ்ல நம்பியிருப்பா. அப்புறம் எப்பவோ கண்டுபிடிச்சிட்டா. ரெண்டு மாசமா அவ உங்ககிட்டதான் பேசியிருக்கா. உங்களுக்குப் புரியுதுன்னு தெரிஞ்சேதான் பேசியிருக்கா.

— ஐயோ, அப்போ அன்னைக்கு சாயங்காலம் கேட்ல...

— கேட்ல ஓடி வந்து என் கையைப் பிடிச்சீங்க.

— சொல்லிடணும்னுதான் ஓடி வந்தேன். சத்தியமா. உங்களைச் சுத்தி நாலு அம்மாங்க நின்னாங்க, வாட்ச்மேன் நின்னார், மாடியில ஹெட்மிஸ்ட்ரஸ் நின்னாங்க. கையைப் பிடிச்சேன். ஸ்பானிஷ்ல என்னமோ ஒண்ணு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விட்டுட்டு வந்துட்டேன்.

— நான் சிரிச்சேன். பாவம் இந்தப் பொண்ணு, எவ்வளவு பிரியமா டாட்டா சொல்லுதுன்னு நினைச்சு, நானும் உங்க கையை அழுத்திப் பிடிச்சேன். பட்டாணி படிக்கட்டுல நின்னு நம்ம ரெண்டு பேரையும்தான் பார்த்துட்டிருந்தா.

— அவ பார்த்தாளா?

— வீடு வரைக்கும் என் மூஞ்சியையே பார்த்துட்டு வந்தா. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் என் பின்னாடியேதான் சுத்தினா. நான் துணி மடிச்சா வந்து நிக்கறா, பாத்திரம் கழுவினா வந்து நிக்கறா. என்னடான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? 'திங்கட்கிழமை பெரியம்மாவோட பஸ்ல போகப் போறே, ஒரே ஜாலிதான்'னு சொல்லி, அவ கண்ணு முன்னாடியே பெட்டியைக் கட்டினேன்.

— போன் போடுங்கக்கா. இப்பவே போடுங்க. நான் பேசறேன். தமிழ்லயே பேசறேன், மாடி வரைக்கும் கேக்கட்டும், வேலை போனாப் போகட்டும்.

— மத்தியானத்துல இருந்து நாலு தடவை போட்டாச்சு டீச்சர். அம்மான்னு சொன்னாலே போர்வையை இழுத்து மூடிக்கறாளாம். பஸ்ல வந்த அலுப்புன்னு எங்க அக்கா சொல்றா. அலுப்பு இல்ல. நீங்க எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்கன்னும், அத்தனையும் கேட்டுட்டு நான்தான் அவளை வேண்டாம்னு அனுப்பிட்டேன்னும் நினைச்சுக்கிட்டுத்தான் டீச்சர், எம் பொண்ணு காலையில பஸ்ல என்னைத் திரும்பிப் பார்க்காம உட்கார்ந்திருந்தா.