அம்மணி கேட்ட ஒரு வார்த்தை

குப்பை அள்ளவில்லை என்று நீங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட புகார் நியாயமானதுதான், ஃபரா மேடம். ஒரு வாரமாக பி பிளாக் வாசலில் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் லிஃப்டுக்கு வருகிறேன். நீங்கள் புதிதாகக் குடிவந்தவர். வேறு யாராவது அரைகுறையாகச் சொல்வதற்கு முன்னால், சங்கத் தலைவன் என்ற முறையில் நானே சொல்லிவிடுவது நல்லது. உட்காருங்கள், காபி வரும்.

குப்பை அள்ளிக்கொண்டிருந்தவள் அம்மணி. அவளை நிறுத்தச் சொன்னது நான்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. படிக்கட்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படித் துடைப்பாள். ஆனால் மனுஷருக்கு நன்றி என்று ஒன்று வேண்டாமா? அது இல்லாத முகத்தில் தினமும் காலையில் விழிப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

அவளுடைய கணவன் சின்னப்பன் எனக்குக் கீழே ஒப்பந்தக் கூலியாக இருந்தவன். நான் மத்திய அரசில் சாலைப் பொறியாளன். அவன் ஒரு மழை நாளில் வேலையில் செத்துப்போனான். என்னுடைய கவனக்குறைவு என்று கோர்ட் தண்டனை கொடுத்தது. சிறையில் இருந்தபோது ஜனாதிபதிக்குக் கருணை மனு போட்டேன். எனக்கும் இன்னும் சில அதிகாரிகளுக்கும் சேர்த்து மன்னிப்பு வந்தது. டி.வி.யில் நாள்கணக்கில் கத்தினார்களே, பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் லஞ்சம் வாங்கி மாட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் படித்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் யாரிடமும் ஒரு பைசா கை நீட்டாதவன்.

செத்தவன் வீட்டாருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கினால் மனுவுக்கு வலு சேரும் என்றார் என் வக்கீல் பத்ரி. சங்கச் செயலாளர் தயாளன் போய் அம்மணியிடம் பேசினார். பாவம் என்று அதற்கு முன்பே அவளுக்கு இங்கே வேலை போட்டுக் கொடுத்திருந்தோம். அவள் பணம் எதுவும் கேட்கவில்லையாம்.

“எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டுத் தானா உள்ள பூந்துட்டாருன்னு கோர்ட்ல சொல்லிட்டீங்க. அவரு தொட்டதே கெடையாது சார். குடிகாரன் பொண்ணுன்னு ஜான்சிக்கு வர்ற எடமெல்லாம் தட்டிப் போவுது. குடிக்கலன்னு எல்லார் முன்னாடியும் உங்க இன்ஜினியர் சாரு ஒரு வார்த்தை சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன்” என்றிருக்கிறாள்.

தயாளன் சரியென்று தலையாட்டி, கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கொடுத்த வாக்குக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன், சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்த அன்று நீங்கள் ஊரில் இல்லை. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பிலிருந்தே மேளம் வைத்து அழைத்து வந்தார்கள். கேட்டில் பந்தல், சால்வை, ஆளுயர பேனர். அங்கேயே என்னைத் தலைவராகவும் ஆக்கினார்கள். ஆரத்தி எடுக்க அம்மணியை வரச் சொன்னேன். பெண்கள் முகம் சுளித்தார்கள். தயாளனின் மனைவி என் காதருகே வந்து, “புருஷன் இல்லாதவங்கள எப்படி சார்...” என்று இழுத்தார். இந்த மூடநம்பிக்கையெல்லாம் எனக்கு அறவே பிடிக்காது. விதவை என்றால் மனுஷி இல்லையா என்று சத்தமாகவே கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் வீடியோகூட எடுத்தார்கள்.

அவள் தட்டைச் சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். ஆனால் நகரவில்லை.

“இப்ப சொல்லுங்க சார்.”

நான் தட்டில் ஐந்நூறு ரூபாயைப் போட்டேன்.

“துட்டு வாணாம் சார். அந்த வார்த்தைய சொல்லுங்க.”

சுற்றி அத்தனை பேர். அவன் குடிக்கவில்லை என்றால், பிறகு எப்படிச் செத்தான் என்ற கேள்வி வராதா? நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டுவதற்குப் பதிலாக என் மேல் கொட்டிவிட்டாள். புது வேட்டி முழுக்கச் சிவப்பு. ச்சீ என்று ஆகிவிட்டது. குளித்த பிறகும் அந்தச் சுண்ணாம்பு வாடை போகவில்லை. அன்றைக்கே அவளை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் நாலும் யோசிப்பவர் என்று தெரிகிறது. அதனால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு முடிந்தது, மன்னிப்பும் வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அந்த மழையில், சாலைக்கு அடியில் வெள்ளம் கடக்கும் பெரிய சிமெண்ட் குழாயைக் குப்பை அடைத்துக்கொண்டது. நம் மதில் பக்கத்து வாய் வழியாகச் சின்னப்பனை உள்ளே அனுப்பினேன். அதற்கு முன்னால் என் ஃபிளாஸ்கிலிருந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன், நிதானமாகத்தான் இருந்தான். அவன் அடைப்பை எடுக்க எடுக்கத் தண்ணீர் இந்தப் பக்கம் பாய்ந்தது, நம் பேஸ்மென்ட்டில் இறங்கியது. முடிச்சூர் வெள்ளத்தில் கார்கள் மிதந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். என்னுடைய கார் அந்த மாதம்தான் எடுத்தது. தயாளன் போனில் அழாத குறை. மதில் பக்கத்து வாயை அடைக்கச் சொன்னேன்.

ஜே.சி.பி. ஓட்டிய ஜாகிர் தயங்கினான். “உள்ள ஆளு கீறாரு சார்.”

“அவன் அப்பவே வந்து டீ குடிக்கப் போயிட்டான். நீ போடு” என்றேன்.

பாறையும் மண்ணும் கொட்டினான். சின்னப்பனைக் கூப்பிட்டு, அவன் தவழ்ந்து வெளியே வரும்வரை பொறுத்திருந்தால் கார்கள் முழுகியிருக்கும். நான் பொறியாளன், மேடம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று எனக்குத் தெரியும். வாய் அடைத்த குழாய்க்குள் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதும் தெரியும்.

எஞ்சின் சத்தத்தில் ஜாகிருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் வாயருகே நின்றிருந்தேன். “சார், நான் உள்ள கீறேன் சார்” என்று கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். நாக்குக் குழறவே இல்லை. அந்த நேரத்திலும் ‘சார்’ விட்டுப்போகவில்லை, மரியாதை தெரிந்தவன். குரல் நின்ற பிறகுதான் நான் காரை எடுக்கப் போனேன். வெள்ளம் வடிந்து உடலை எடுத்தபோது, அவன் குடித்திருந்தானா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பத்ரிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உங்கள் காரும் அந்த பேஸ்மென்ட்டில்தானே நிற்கிறது. காபி ஆறுகிறது, குடியுங்கள்.

அம்மணி இன்னும் தினமும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். விரட்ட வேண்டாம் என்று செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை, மேடம். அன்று அவள் செய்ததற்கு அவளை நான் மன்னித்துவிட்டேன்.