அப்பா சொல்லாத இழவு

— இல்லக்கா, நல்லா யோசிச்சுட்டேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கப்புறம் அப்பா ஒரு தடவகூட "இழவு" சொல்லல.

— அதுக்காடி என் போர்வைய இழுக்குற? படு, குட்டி. காலைல எனக்கு ஆபீஸ்.

— டீ ஆறிட்டா இழவு டீ. பஸ் வரலன்னா இழவு பஸ். ஸ்க்ரூ உருண்டா, "எந்த இழவுல போய் ஒளிஞ்சுதோ." அப்பேர்ப்பட்ட மனுஷன் சாயங்காலம் தண்ணி மோட்டாரக் கழட்டுறப்ப கால்மேலயே போட்டுக்கிட்டாரு. அம்மா பக்கத்துல டார்ச் புடிச்சிட்டு நின்னா. என்ன சொன்னாரு தெரியுமா?

— என்ன?

— "பரவாயில்ல"ன்னாரு. ஒத்தக் கால்ல குதிச்சுக்கிட்டே.

— சிரிப்பு காட்டாதடி, முழிச்சுக்கப் போறாங்க.

— எனக்கு சிரிப்பு வரலக்கா. சித்தப்பா செத்தப்ப நெனச்சுப் பாரு. எத்தன மாசம் அந்த வார்த்தையே அவர் வாயில வரல! பொய் இழவுக்குத்தான் அது வரும். நெசமாவே வந்துட்டா வராது.

— அடேயப்பா, அகராதி புடிச்சவளே!

— காலைல அம்மாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட, "இழவெடுத்த ஆட்டோ"ன்னு திட்டிட்டுத்தான் ஏறினாரு. திரும்பி வந்தா வாய்ப்பூட்டு. அம்மாவும் எத்தன நாளா வயிறு கனக்குதுன்னு சொல்லிட்டிருந்தா... கட்டிதானேக்கா?

— யாருடி சொன்னா?

— யாரும் சொல்லலங்கறதுதான் பயமா இருக்கு. அப்பா உன்னை மட்டும் மாடிப்படிக்குக் கூட்டிட்டுப் போய் குசுகுசுன்னாரு. நீ மூஞ்சியப் பொத்திக்கிட்ட. அழுதியா?

— அழல.

— பொய் சொல்லாத. நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல, தாங்குவேன். அம்மா... போயிடுவாளா?

— ஐயோ, வாய மூடு! கையெல்லாம் ஏண்டி இப்பிடி சில்லுனு இருக்கு? உள்ள வா. போர்வைக்குள்ள வா.

— சொல்லு முதல்ல.

— வெக்கமா இருந்துச்சுடி. எனக்கு மாப்ள தேடிட்டிருக்காங்க, இந்த நேரத்துல போய்... அம்மாவே, இது நின்னு போற வயசுதானேன்னு சும்மா இருந்துட்டா.

— எது நின்னு போற வயசு? என்னக்கா உளர்ற?

— அஞ்சு மாசமாம்டி. நமக்குத் தம்பியோ தங்கச்சியோ. உள்ள இருக்கறதுக்கு இப்பவே காது கேக்க ஆரம்பிச்சிடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, அதான் உங்கப்பா பல்லைக் கடிச்சிட்டு நொண்டுறாரு.