இரும்பில்லாத இடம்

பெல்ட்டுக்குப் பதிலாக நான் நாடா கட்டியிருப்பதைப் பார்த்து உங்கள் ஏட்டையா சிரித்தார். தொழில் பழக்கம்தான், இன்ஸ்பெக்டர் சார். மண்ணுக்குள் இருக்கும் காந்த இழுப்பை அளக்கிற காந்தமானியைத் தூக்குகிறவன் உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக்கூடாது. பெல்ட்டுக் கொக்கி, சாவிக்கொத்து, செருப்பில் அடித்த ஆணி எல்லாம் முகாமிலேயே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவியின் ஊசி பொய் சொல்லும்.

டைட்டானியம் தேடித்தான் எண்பத்து நாலில் ஏற்காட்டுக்கு வந்தோம். அது கறுப்புக் கல்லாகப் பூமிக்குள் படுத்திருக்கும். டைட்டானியத்துக்கு ஊசியை அசைக்கும் தெம்பு கிடையாது. கூடவே கலந்திருக்கும் காந்தக்கல்தான் இழுக்கும். ஊசி துள்ளுகிற இடத்தில் குழி தோண்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கிறது. இந்த மலையில் செய்து பாருங்கள். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் முள்கம்பி வேலி, தகரக் கூரை, ஜீப். காப்பி பறிக்கிற பெண்கள் தாலிக்கயிற்றில் கொத்தாக ஊக்கு மாட்டியிருப்பார்கள். ஊசி எதற்குத் துள்ளுகிறது என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் அலைந்தேன். தோண்டிய குழியிலெல்லாம் செம்மண்தான். எங்கள் முகாம் தலைவர் பெரியநாயகம் ஒருநாள் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "குழந்தைவேலு, கடைசியில உனக்கு ஊக்குதான்யா கெடைக்கும்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

வெள்ளக்கடை ஊருக்கு மேலே இருக்கிற சரிவு எனக்குக் கடைசி வாய்ப்பு. அதுவும் வெறும் மண்ணாகப் போனால் என்னைக் களத்திலிருந்து எடுத்து, சேலம் ஆபீசில் கோப்பு கட்ட உட்காரவைப்பதாக முடிவாகியிருந்தது. அங்கே ஊசி லேசாகத்தான் துள்ளியது. ஆனால் வேலி இல்லை, வீடு இல்லை. குழி தோண்ட சித்தன் வந்தான். மலைக்காரன், நல்ல உழைப்பாளி. இடுப்புக் கொடுவாளைக் கழற்றிவைக்கச் சொன்னபோது மட்டும் முனகினான்.

"ஏனுங்க சார், கொடுவாள் இல்லாம காட்டுக்குள்ள நிக்கறது கோவணமில்லாம நிக்கறாப்புல இருக்குதுங்க."

மண் சுமந்துகொண்டிருந்த அவன் மனைவி அத்தாயி, கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். அருமையான ஜோடி. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

பலகை விஷயம் கேட்டீர்கள். உண்மைதான். குழி இரண்டாள் ஆழம் போனதும், சுவர் சரியாமலிருக்கப் பலகை அடித்து முட்டுக் கொடுத்திருந்தோம். அந்த ஆணிகள் ஊசியைக் கெடுத்தன. பிடுங்கச் சொன்னேன். பலகைகளைக் கயிற்றால் கட்டினோம். அன்றிரவே மழை பெய்து மண் ஊறிவிட்டது. மறுநாள் காலையில் சித்தன் குழியை எட்டிப் பார்த்தான்.

"செவுரு நொம்ப உப்பியிருக்குதுங்க சார். காயட்டும், நாளைக்கு எறங்கறனுங்க."

மறுநாளே லாரி வந்து முகாமையே அள்ளிக்கொண்டு போவதாக இருந்தது. "இன்னும் ஒரு முழம்தான் சித்தா, கறுப்பு தட்டிரும்" என்றேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் சுவர் விழுந்தது.

இதை அஜாக்கிரதை என்று எழுதிக்கொள்வீர்கள். ஆனால் நான் அஜாக்கிரதையான ஆள் இல்லை. அதனால் நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

மண்ணுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பேச்சு இல்லை, முனகல். உயிரோடுதான் இருந்தான். முகாம் ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஓடிவந்தார்கள். நான் நிறுத்தினேன். "இரும்பு போட்டா அவன் தலையில படும். கையால அள்ளலாம். எல்லாத்தையும் கீழ காப்பித் தோட்டத்துல போட்டுட்டு வாங்க." போட்டுவிட்டு வந்தார்கள். "மேல நின்னா மண்ணு அழுத்தும், தள்ளிப் போங்க. எந்த எடத்துல கெடக்கறான்னு கருவி வெச்சுப் பாத்துச் சொல்றேன்." தள்ளிப் போனார்கள். நியாயமாகத்தானே இருக்கிறது, நீங்களும் போயிருப்பீர்கள். அத்தாயி மட்டும் வந்து என் காலைத் தொட்டாள்.

"நீங்கதானுங்க சாமி காப்பாத்தோணும். பாத்துச் சொல்லுங்க சாமி."

மனிதனைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல அது. எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

விழுந்த மண்ணின்மேல் கருவியின் மூன்று கால்களையும் ஊன்றினேன். பக்கத்தில் ஆணி இல்லை, கொடுவாள் இல்லை, ஆளும் இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படியோர் இடம் எனக்குக் கிடைத்ததே கிடையாது. ஊசி துள்ளியது, சார். இந்த மலையில் வேறெங்கும் அப்படித் துள்ளியதில்லை. ஒரு தடவை எடுத்த அளவை மட்டும் நம்பக்கூடாது என்பது விதி. நகர்த்தி நகர்த்தி வைத்து மறுபடி மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அத்தாயி, "கண்டுட்டீங்களா சாமி?" என்றாள். "பொறும்மா" என்றேன். சந்தோஷத்தில் ஒவ்வோர் அளவையும் இரண்டிரண்டு தடவை குறித்துக்கொண்டேன். முனகல் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

பிறகு தோண்டி எடுத்தபோது, கருவி நின்ற இடத்துக்கு நேர்கீழே, கடப்பாரையை மார்போடு அணைத்தபடி கிடந்தான். ஊசியை இழுத்தது அந்தக் கடப்பாரைதான் என்கிறார் பெரியநாயகம். "கருவி ஆளைக் காட்டிக் கொடுத்திருக்குது, நீதான்யா சொல்லல" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவருக்கு என்னை மட்டம்தட்டுவதே வழக்கம். ஒரு கடப்பாரைக்கு ஊசி அவ்வளவு துள்ளாது.

செய்ததை நான் மறுக்கவில்லை. அவனை அள்ளவிடாமல் நிறுத்தியது நான்தான், அந்த அளவை எடுப்பதற்காகத்தான். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழியை மட்டும் மூடச் சொல்லிவிடாதீர்கள். சித்தனையும் எடுத்தாகிவிட்டது, கடப்பாரையையும் எடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு தடவை என்னை அங்கே கூட்டிப்போங்கள். சரிவு ஏறும் முன்பே இந்தக் கைவிலங்கைக் கழற்றிவிட வேண்டும், சார். இது இரும்பு.