மருந்து அவனுக்கு, பத்தியம் எனக்கு

...பேசக்கூடாதாம், சஹானா. என் வீட்டுல, என் அடுப்பங்கரையில, நான் பெத்த புள்ளைகிட்ட நான் பேசக்கூடாதாம். யாரு சொன்னாவன்னு நெனைக்கிய? காலேஜுல ஒரு மேடம். கானிட்கர் மேடம். புள்ளைக மனசப் பாத்துக்கிடுததுக்குன்னு தனியா ஆளு போட்டிருக்காவ. கணக்குச் சொல்லிக் குடுக்க வாத்தியார் இல்ல, தீவாளிக்குப் போன மனுசன் திரும்பவே இல்ல. மனசுக்கு மட்டும் ஆளு இருக்கு, டேபிள் இருக்கு, டேபிள்ல ஒரு பூச்செடி வேற இருக்கு.

நீங்க உக்காருங்க, தங்கச்சி. நான் நின்னுக்கிடுதேன். கையில என்ன பையி, வெளிய கெளம்பிட்டியளோ? சரி, ஒரு நிமிசந்தான். எதுத்த வீட்டுக்குத் தமிழ்க்காரவுக குடிவந்துருக்காவன்னு தெரிஞ்ச அன்னைக்கே வந்திருப்பேன். இந்தப் போபோடியில நான் யாருகிட்டப் போயி பொலம்ப? கீழ்வீட்டு அம்மா, ஜோஷி காக்குகிட்ட மராட்டியில பொலம்பணும். எனக்கு மராட்டியில கத்திரிக்கா வாங்கத் தெரியும், பொலம்பத் தெரியாது.

எம்மவன் ஜெயந்த்தப் பாத்திருப்பிய. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, படியில எறங்குனா சத்தமே வராது. ஆகுர்டியில இன்ஜினியரிங், ரெண்டாவது வருசம். காலையில குளிச்சு, சட்டைய அயர்ன் பண்ணி, நான் கட்டுன டப்பாவ எடுத்துக்கிட்டு கட்கி ஸ்டேசன்ல லோக்கல் புடிச்சிருவான். ஒரு நாள் தவறுனதில்ல. நானும் வாரவ போறவகிட்டயெல்லாம் சொல்லுவேன், எம்மவன மாதிரி பொறுப்பு உண்டுமான்னு. பொறுப்புதான். ரயிலுக்குப் பொறுப்பு.

ஏன்னா அவன் ஆகுர்டில எறங்கவே இல்ல, தங்கச்சி. அந்த லோக்கல் கடைசியாப் போயி நிக்கும்லா லோனாவாலா, அதுவரைக்கும் போவானாம். ப்ளாட்பாரத்துப் பெஞ்சுல உக்காந்து எலுமிச்சஞ் சோத்தத் திம்பானாம். திரும்ப ரயிலு, சிவாஜிநகரு, திரும்ப லோனாவாலா. தீவாளி கழிஞ்சதுலருந்து பொங்கலு வரைக்கும் இதே டூட்டி. டிக்கெட் பாக்கவன்கூட இடையில லீவு எடுத்திருப்பான்.

நமக்கு எங்கன தெரிய? ஒண்ணுரெண்டு தடவ சிக்கி கொண்டாந்தான், லோனாவாலா சிக்கி, நம்ம கடலமுட்டாய் மாதிரி. ஏதுலேன்னேன். ஃப்ரெண்டு குடுத்தான்னான். நல்ல ஃப்ரெண்டுன்னு சொல்லிக் கடிச்சுத் தின்னேன். கடவாப் பல்லு இன்னும் வலிக்கி.

கண்டுபுடிச்சது யாருன்னா, சுப்பையா அண்ணன். அவுக ஆகுர்டி ஃபேக்டரில வேல பாக்காவ, எங்க ஊருப் பக்கம்தான். சொந்தக்காரவுகள வழியனுப்ப லோனாவாலா போனவுக, பெஞ்சுல நம்ம பையன் உக்காந்திருக்கதப் பாத்துட்டு வந்து எங்க வீட்டு ஆளுகிட்டச் சொல்லிட்டாவ. எங்க ஆளு இருக்காவளே, இவன் அப்பா பாஸ்கர், அவுக ஒரு நாளைக்குப் பேசுதத நீங்க விரல் விட்டு எண்ணிரலாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மறுநாள் ஃபேக்டரிக்கு லீவப் போட்டுட்டு அதே ரயில்ல வேற பொட்டில ஏறிப் போயிருக்காவ. அங்க அவன் பக்கத்துல போயி உக்காந்திருக்காவ. அவன் டப்பாவத் தொறந்து நீட்டியிருக்கான். ரெண்டு பேரும் தின்னுட்டு சாயங்காலம் ஒண்ணா வீட்டுக்கு வந்துட்டாவ. ஏங்க, என்னன்னு கேட்டியளான்னு நான் கத்துதேன். "பசியா இருந்தான், சாப்ட்டான்"ங்காவ. இதுதான் ரிப்போர்ட்டு.

அப்பறம் நான் விடுவேனா. என்ன குறை ஒனக்கு, தனி டேபிளு, தனி லைட்டு, பால்ல பாதாம் அரச்சு ஊத்துதேன், அப்பா ஃபேக்டரி வாசுதேவன் சார் மவனப் பாரு, இதே ரயில்ல போயிப் படிச்சுட்டு இன்னைக்கு அமெரிக்காவுல இருக்கான்னு... நல்லாத்தான் எடுத்துச் சொன்னேன். அவன் சொவத்தப் பாத்துக்கிட்டே இருந்தான். சோறு கொறஞ்சுது. பகல்ல தூங்குனான், ராத்திரி முழிச்சுக் கெடந்தான். நான் சோம்பேறித்தனம்னேன். ஜோஷி காக்கு சொரக்காச் சாறு குடுக்கச் சொன்னாவ. எங்க சித்தி ஊருலருந்து ஃபோனப் போட்டு, கயிறு மந்திரிச்சு அனுப்புதேன்னா. எங்க ஆளு இருக்காவளே, அவுக காலையில பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாவ. அங்க பென்சன் வாங்குத கெழங்கட்ட எல்லாரும் வட்டமா நின்னு கைய மேல தூக்கி ஹா ஹான்னு சிரிப்பாவ, பாத்திருக்கியளா? சிரிப்புக் கிளப்பாம். அந்த வட்டத்துல எம்புள்ள கையத் தூக்கிக்கிட்டு நின்னுருக்கான். சிரிக்கச் சொன்னாவளாம். அழுதுட்டானாம். அதுலயும் ஒருத்தரு, பரவால்ல, அதுவும் நல்ல எக்ஸர்சைஸ்தான்னு சொன்னாராம்.

அதுக்குப் பெறகுதான் காலேஜு, கானிட்கர் மேடம், பூச்செடி. அவனோட கிளாஸ் பொண்ணு சொல்லித்தான் அப்பிடி ஒரு ஆளு இருக்கதே தெரிஞ்சுது. அவன் உள்ள போனான், நான் வெளிய பெஞ்சுல. என்னமும் பேசுதானான்னு காதத் தீட்டிக்கிட்டு இருந்தேன், ஃபேன் சத்தந்தான் கேட்டுச்சு. அப்பறம் என்னயக் கூப்புட்டு உக்கார வச்சு அந்தம்மா சொல்லுதாவ. காலேஜு கேட்டுகிட்டப் போனா அவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்காம், மூச்சு முட்டுதாம், காலு நகர மாட்டேங்காம். கணக்குல ஃபெயிலானதுலருந்தாம். இது சோம்பேறித்தனம் இல்லம்மா, சீக்குன்னாவ. டாக்டரப் பாக்கணும், மாத்திர உண்டும், நேரத்துக்குத் தூங்கணும், சாயங்காலம் நடக்கணும். ஒரு வருசம் போனாப் போகட்டும்னாவ. சொல்லுதாவ பாருங்க, போனாப் போகட்டும்னு. பஸ்ஸா அது, அடுத்தது வரும்னு விட?

சரி, அதையும் கேட்டுக்கிட்டேன். கடைசில எம்பக்கம் திரும்புதாவ. நீங்க தினமும் சாயங்காலம் அவன் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரணும், ஆனா ஒண்ணும் பேசக்கூடாதுன்னாவ. மார்க்கு, படிப்பு, வாசுதேவன் மவன், ஒண்ணும் கூடாது. நான் சொல்லுதேன், மேடம், மருந்து அவனுக்கு, பத்தியம் எனக்கான்னு. இந்தியில சொன்னதால அவுகளுக்கு வெளங்கல போல, சிரிச்சாவ.

இதுல பெரிய அநியாயம் என்னன்னா, ஏம்ல எங்கிட்ட முன்னமே சொல்லலன்னு கேட்டதுக்கு, அவன் சொல்லுதான், "சொல்ல வந்தேம்மா. நீ பேசிக்கிட்டிருந்த." அம்புட்டுத்தான். நான் பேசிக்கிட்டிருந்தேனாம். எனக்குக் காதும் உண்டும்லா? அவன் பாட்டுக்குக் குறுக்க சொல்ல வேண்டியதுதான?

என்னத்தச் செய்ய. உக்காந்தேன். மொத நாள் நாக்குல எறும்பு ஊறுத மாதிரி இருந்துச்சு. மறுநாள் பச்சப் பட்டாணி வாங்கிட்டு வந்து உரிச்சேன், கைக்காவது வேல இருக்கட்டும்னு. அவனும் வந்து எதுத்தாப்புல உக்காந்து உரிச்சான். இப்பிடியே நாலஞ்சு நாளு. எங்க வீட்டுல தெனமும் பட்டாணிக் குருமாதான். எங்க ஆளு வச்சதத் தின்னுட்டு எந்திரிச்சுருவாவ.

அப்பிடி ஒரு நாளு அவனாச் சொன்னான். "அம்மா, காம்ஷேத் பக்கம் ஒரு ஆத்துப்பாலம் வரும். ஒருநாள் வாசக்கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கைய விட்டுட்டா என்னன்னு தோணுச்சு."

எனக்கு... எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கவ நான், தங்கச்சி. கையில பட்டாணித் தோலு. கத்திருவேன்னு நெனச்சேன். கத்தல. "அப்பறம்?"னு மட்டும் கேட்டேன்.

"அப்பறம் ஸ்டேசன் வந்துச்சு. ஒரு ஆத்தா கீரக் கூடையோட ஏற முடியாம நின்னுச்சு. தூக்கி ஏத்திவிட்டேன். பெறகு உள்ள போயி உக்காந்துட்டேன்."

அந்த ஆத்தா யாருன்னே தெரியாது. தெரிஞ்சா நான் போயி...

சரி விடுங்க. எங்க ஆளுகிட்டச் சொன்னேன். மறுநாளே அவனக் கூட்டிக்கிட்டு மேடத்துக்கிட்டயும் டாக்டருகிட்டயும் போயி அதையும் சொன்னோம். அவனே சொன்னான், நான் வாயத் தொறக்கல. மாத்திரய மாத்துனாவ. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்புடுதான். ரெண்டு கிளாஸு மட்டும் போவான், எங்க ஆளு கேட்டு வரைக்கும் கூடப் போயி விட்டுட்டு வருவாவ. இப்பம் வேற கஷ்டம், அவன் பேச ஆரம்பிச்சுட்டான். ரயில்ல நாடகம் மாதிரி ஊசி விக்கவன், பஜன பாடுத கோஷ்டி, யாரு யாரு சீட்டுக்குச் சண்ட போட்டான்னு ஒண்ணு விடாமச் சொல்லுதான். எனக்கு இடமே குடுக்க மாட்டேங்கான். யாரு புள்ள?

இன்னைக்குத் தனியாப் போயிருக்கான். அவனேதான் சொன்னான், அப்பா வரவேண்டாம்னு. எங்க ஆளும் சரின்னுட்டாவ. சரிங்கதுக்கு இவுகளுக்கு என்ன, ஃபேக்டரிக்குப் போயிட்டாவ. நானில்லா கெடந்து... எங்க வீட்டு சன்னல்லருந்து பாத்தா சொவருதான் தெரியும். உங்க பால்கனிலதான் ஸ்டேசன் ரோடு தெரியும். அதுக்குத்தான் வந்தேன், தங்கச்சி, நெசமாச் சொல்லிருதேன். நின்னுக்கிட்டே இருக்கேன்லா, உக்காந்தா கம்பி மறைக்கும்.

ரெண்டு லோக்கல் போயாச்சு. இது மூணாவது. எறங்கி வாரவுக எல்லாரும் ஒரே நெறத்துச் சட்டையாப் போட்டா எப்பிடித்தான் கண்டுபுடிக்க...

அந்தா. அந்தா வாரான். அந்த வடாபாவ் வண்டிகிட்ட. நிக்கான் பாருங்க, ரெண்டு வாங்குதான். ஒண்ணு போதாதோ அவனுக்கு. சட்ட கசங்கிப் போயி... கூட யாரோ ஒரு பையன் நடந்து வாரான், அவங்கிட்ட என்னமோ சொல்லுதான் பாருங்க, கைய ஆட்டி ஆட்டி.

நான் போறேன், தங்கச்சி. என்னாச்சு ஏதாச்சுன்னு கேக்கமாட்டேன். காப்பிக்குப் பால மட்டும் வச்சிருதேன்.