எழுத்தில்லாத சிப்

இந்த அறையில் வெளிச்சம் நேராக மேலேயிருந்து விழுகிறது சார். ஆட்களைப் பார்க்க இது போதும். ஒரு பழைய கம்ப்யூட்டர் பிராசஸரை, அந்தச் சின்னச் சிப்பை, பார்க்க உதவாது. அதற்குச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். ஸ்டெனி இராஜாக்கமங்கலத்தில் வீடு கட்டும்போது மேற்கே ஒரு பெரிய ஜன்னல் வைத்ததே அதற்காகத்தான்.

அவனும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அவன் கப்பலில் எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போனான். நான் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தேன். பழைய பிராசஸர்களைச் சேர்க்கும் பழக்கம் இரண்டு பேருக்கும் இருந்தது. அந்த ஜன்னலருகே ஆளுக்கொரு லென்ஸோடு உட்கார்ந்திருப்போம். மாலை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறோம். எனக்கு அது பிடிக்கும்.

ஒரு பிராசஸர் கடைக்கு வந்த பிறகும் அதிலுள்ள பிழைகளைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். பெயர் மாறாது. மேலே அச்சிட்ட சின்ன எழுத்துகள் மட்டும் மாறும். அவற்றை வைத்துத்தான் அது எத்தனையாவது திருத்தம் என்று சொல்வோம். 386 என்ற பிராசஸரில் ஆரம்பத்தில் ஒரு பெருக்கல் பிழை இருந்தது. சோதித்துப் பார்த்து, தேறியவற்றின் மேல் சிக்மா என்ற கிரேக்க எழுத்தை இரண்டு முறை அச்சிட்டார்கள். தேறாதவற்றில் பதினாறு பிட் வேலைக்கு மட்டும், அதாவது பாதித் திறனுக்கு மட்டும், என்று அச்சிட்டார்கள். பிழை தெரியவருவதற்கு முன்பே விற்றுப்போனவற்றில் இரண்டும் இருக்காது. அவை கிடைப்பது அபூர்வம்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. இணையத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குழு உண்டு. எங்கெங்கோ இருந்து அதன் படம் கேட்டு எழுதுவார்கள். பகல் முழுக்கக் கீபோர்டு மாற்றிக் கொடுக்கும் எனக்கு அந்தக் குழுவில் ஒரு பெயர் இருந்தது.

ஸ்டெனிக்கு இதய வால்வு மாற்றினார்கள். அதன் பிறகு கப்பல் வேலை நின்றது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. அது தவறவே கூடாது. அவன் மனைவி ஷைஜா குவைத்தில் நர்ஸ். அவள் போனில் என்னிடம் சொன்னாள்: "சீலன் அண்ணா, இவரு ஒரு நாளு ரெண்டு திங்காரு, ஒரு நாளு மறந்து போவாரு. ஞாயித்துக்கெழம சர்ச்சு விட்டு வரும்போ அந்த டப்பாவ நீங்க நெறச்சுக் குடுத்தா எனக்கு ஒரு சமாதானம்."

கிழமைக்கு ஓர் அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. ஆராதனை முடிந்ததும் போய் நிறைத்துக் கொடுப்பேன். அவன் கண்ணால்கூடப் பார்க்காமல் விழுங்குவான். ஏன் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தான். "ஏலே மக்கா, நீ சிப்பத் தந்தா பத்து மட்டம் திருப்பிப் பாப்பேன். நீ தாற குளிகைய எதுக்குல பாக்கணும்?"

போன வருடம் ஒரு மாலை என் 386-ஐ ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். போனில் ஏதோ படம் எடுத்தான். பிறகு கையில் தந்துவிட்டு, "சாய குடிக்கியா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அந்தப் படம் குழுவில் இருந்தது. வழக்கமாக அந்தச் சிக்மாவோ எழுத்தோ வரும் இடத்தில் ஒரு மங்கல் நிழல். இங்கே அச்சு இருந்திருக்கிறது, யாரோ துடைத்திருக்கிறார்கள், என் நண்பன் ஏமாந்துவிட்டான் என்று ஸ்டெனி எழுதியிருந்தான். ஒருவருடைய பொருளில் சந்தேகம் வந்தால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் சொல்லவில்லை. அதன் கீழே ஆளாளுக்கு எனக்கு ஆறுதல் எழுதியிருந்தார்கள்.

நேரில் போய்க் கேட்டேன். "எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்லா?"

"ஒங்கிட்ட சொன்னா நீ வெக்கப்பட்டு அத ஒளிச்சு வச்சிருவ. நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சா ஒன்னயல்லா கள்ளன்னு சொல்லுவானுவ? அதாக்கும் நானே போட்டேன். தந்தவன் எவம்னு சொல்லு மக்கா, ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்."

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எங்களுக்குள் வழக்கம் என்பதால் அவனுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் டப்பாவில் வேறு மாத்திரை வைத்தேன். அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு. வெறும் சத்து மாத்திரை. நான் விஷம் கொடுக்கவில்லை சார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு முறை லென்ஸை எடுத்து மாத்திரை மேல் பதித்த எழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றிலும் எழுத்தைப் படிக்கிறவன் இதில் மட்டும் படிக்கவில்லை. நான் அதற்கும் நேரம் கொடுத்தேன். வாரா வாரம் போனேன், எதிரே உட்கார்ந்து சாயா குடித்தேன். ஒரு நாள் அவன் கையிலிருந்து தம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அவன் பிழைக்கவில்லை. பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அடக்கம் முடிந்த பிறகு, குவைத்திலிருந்து வந்திருந்த ஷைஜா அந்த டப்பாவைக் கேட்டாள். மிச்சம் இருந்ததை உள்ளங்கையில் கொட்டினாள். அவளும் எழுத்துப் படிக்கிற வேலை செய்பவள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. மேற்கு ஜன்னலுக்குப் போய், கையைச் சாய்த்துப் பார்த்தாள். ஸ்டெனி நிற்கும் அதே இடம்.

"இது அவருக்க குளிகை இல்ல. இத இதுல யாரு வச்சது அண்ணா?"

"நான்தான்" என்றேன். அவள் அழவில்லை. போனை எடுத்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டாள்.

ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூட இருந்தவன் ஊரறியச் சொல்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் நானும் அவனிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்தச் சிப்பை யாரும் என்னிடம் ஏமாற்றித் தரவில்லை. வரும்போது அதில் இரண்டு சிக்மாவும் பளிச்சென்று இருந்தன. நான்தான் துடைத்தேன்.