ஏழாம் குழாய்

பூங்காத் துறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தும் எனக்கு நான்கு செடிகளின் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது. தோட்டக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் புல்லைப் பார்த்துக்கொண்டார்கள். நான் புல்லுக்குக் கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டேன்.

கீழே என்ன இருக்கிறது என்று இப்போது விசாரணைக்கு வந்த உங்களுக்கும் தெரியும். மேட்டுப் பூங்கா ஒரு காலத்தில் தொழிற்சாலைக் கழிவு கொட்டிய இடம். தொழிற்சாலைக்காரர்கள் மூடிக்கொண்டு போகும்போது நிலத்தை எங்களிடம் தந்து, கூடவே ஒரு பெரிய தொகையையும் கொடுத்துவிட்டுக் கைகழுவினார்கள். கழிவின் மேல் களிமண் பரப்பி, அதன் மேல் புல் வளர்த்தோம். அந்தக் களிமண் வெடிக்காமல் பார்க்க வேண்டும், நிலத்தடி நீரைச் சோதிக்க வேண்டும். பத்து வருடம், இருபது வருடம் என்று கணக்கில்லை, பூங்கா இருக்கும்வரை. அதனால் தொகையை வங்கியில் போட்டு, வட்டியில் மட்டும் செலவு செய்வது, அசலைத் தொடுவதில்லை என்று பத்திரம் எழுதினோம். எழுதிய ஐந்து பேரில் நான்கு பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். நான்தான் அந்த நிதியோடு குடித்தனம் நடத்தியவன்.

சும்மா நடத்தவில்லை. வட்டி பாதியாக விழுந்த வருடங்களில் என் அறை மின்விசிறியைக்கூடப் பழுது பார்க்காமல் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். மற்ற ஊர்ப் பூங்காக்காரர்கள் எல்லாம் நிதியைத் தின்று தீர்த்துவிட்டு என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். "அசலப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும்" என்பேன். குறித்துக்கொள்வார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை.

அசலைத் தொட ஒரே ஒரு வழி உண்டு. பத்திரத்தின் பதினான்காவது பிரிவு. நிலத்தடி நீரை எடுத்துப் பார்க்க மேட்டைச் சுற்றி மண்ணில் எட்டு சோதனைக் குழாய்கள் இறக்கியிருக்கிறோம். ஏதாவது ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு முறை நஞ்சு வரம்பைத் தாண்டினால் அசலை உடைக்க வேண்டும். நீரைச் சுத்தப்படுத்தி, அருகில் குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் பிரிவை எழுதச் சொன்னவனே நான்தான். அதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

முதலாம் குழாய் மேட்டுக்கும் மேலே, கழிவு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது. ஏழாம் குழாய் பள்ளத்தில், துறை ஊழியர்களின் ஆறு வீடுகளுக்குப் பின்னால். ஆறு வீட்டுக்கும் குடிக்க ஒரே அடிகுழாய். நீர் எடுத்துப் போகப் பரிசோதனைக்கூடத்து ஆள் வந்தால் தனியாகக் கூலி கேட்பான். அந்தச் செலவு எதற்கென்று மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நானே பையில் எட்டு புட்டிகளோடு போவேன். நடை உடம்புக்கும் நல்லது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏழாம் குழாயில் வரம்பைவிடக் கூடுதலாக வந்தது. மூன்று மடங்கு. பரிசோதனைக்கூடத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், அடுத்த தடவையும் இப்படி வந்துட்டா அசல உடைக்கணும்ல?"

"வந்தா பாத்துக்கலாம்மா" என்றேன்.

அடுத்த தடவை ஏழாம் குழாயின் முன்னால் சாவியும் கையுமாக வெகுநேரம் நின்றேன். பதினேழு வருடம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது. உடைத்தால் நான்கே வருடத்தில் கரைந்துவிடும். அப்புறம் களிமண்ணை யார் பார்ப்பது? நாளைக்குப் பிறக்கப்போகிற எத்தனையோ ஆயிரம் பேருக்கு இந்த நிதிதானே காவல்? ஆறு வீட்டையும் ஆயிரம் வீட்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். பிறகு மேடேறிப் போய், ஏழு என்று எழுதிய புட்டியை முதலாம் குழாயில் பிடித்தேன். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தது உண்மை. மேடு செங்குத்தானது.

அதற்கடுத்த முறை அந்தப் பெண் சிரித்தாள். "என்ன சார், ஒண்ணும் ஏழும் அச்சடிச்ச மாதிரி இருக்கு?" கெட்டிக்காரி. அவளை வீணாகச் சங்கடப்படுத்துவானேன் என்று, அதன் பிறகு அந்தப் புட்டியில் மூன்றாம் குழாய் நீரையும் கொஞ்சம் கலந்தேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

என் தங்கை விஷயத்தைக் கேட்டீர்கள். ஆமாம், அந்த ஆறில் ஒன்று அவள் வீடுதான். மாப்பிள்ளை துறையில் ஓட்டுநர். முதல் முடிவு வந்த மாதமே அவருக்கு வேறு பிரிவுக்கு மாற்றலும் அங்கே ஒரு மாடிக் குடியிருப்பும் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு ரொம்ப நாளாக மாடி வீட்டில் ஆசை. அண்ணன் என்று இருந்துவிட்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? காலியான வீட்டைத் தலைமைத் தோட்டக்காரருக்கு ஒதுக்கி நான்தான் கையெழுத்துப் போட்டேன். பூட்டி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவர் மனைவி அப்போது ஐந்து மாதம். சாவி வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த உதவிய ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் சார்."

அந்த வீட்டில் பிறந்தவள்தான் சிட்டு. துருதுருவென்று இருப்பாள். சனிக்கிழமைகளில் என் பின்னாலேயே வருவாள். "புட்டி மாமா, இன்னிக்கு எத்தன புட்டி?" என்பாள். "எட்டு" என்பேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிச் சரி பார்ப்பாள். ஆறு வயதில் முகம் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் என்றார்கள். அதற்குள் பக்கத்து வீடுகளில் மூன்று பிள்ளைகள் அதே நோயில் போயிருந்தன. உலகத்தில் பிள்ளைகளுக்கு நோய் வராத தெரு எங்கே இருக்கிறது? சிட்டுவின் மருத்துவத்துக்கு என் சம்பளத்திலிருந்து இரண்டு முறை கொடுத்தேன். நிதியிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை.

இந்த வருடம், எட்டு வயதில், அவள் போய்விட்டாள். நான் அழுதேன். நடிப்பில்லை, மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

துக்கம் கேட்கப் போனது நல்ல வெயில் நேரம். மேடு சுற்றி நடந்தே போனேன், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிட்டுவின் அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தோட்டக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பி வாசலுக்கு வந்ததும் கேட்டார்.

"ஒன்பது வருஷமா வர்றீங்க சார். எங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லையே நீங்க?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்றைக்கே அவர் ஏழாம் குழாய்க்குப் போயிருக்கிறார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் அறுத்தாராம். அவராகவே ஒரு புட்டி பிடித்துப் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இந்த முறை முப்பது மடங்கு என்கிறீர்கள். இருக்கலாம்.

முப்பத்தாறு சனிக்கிழமை, முப்பத்தாறு புட்டி. எல்லாம் நான் பிடித்ததுதான், வேறு யாரையும் இழுக்காதீர்கள். அசல் முழுசாக இருக்கிறது. வாங்கியதைவிட இரண்டு மடங்காக ஒப்படைக்கிறேன். மற்றபடி அந்த நீரில் என்ன இருந்தது என்பது எனக்குத் திட்டவட்டமாகத் தெரியாது. தெரிந்தால் சும்மா இருந்திருப்பேனா? செம்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்று எனக்குத் தாகமில்லை, அவ்வளவுதான்.